மெக்பெத் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து நாடகம் படிப்பது என் வழக்கம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசைதான் வகுப்பறை. ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தை அந்த மேசையில் பல தடவை படித்து முடித்திருக்கிறோம். பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், அவர்களை அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்கள் நின்றபடியே கேட்ட கேள்விகளும் கீழே இருக்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்காட்லாந்தில் நடக்கும் கதை. மெக்பெத் பெரிய வீரன், அரசர் டங்கனுக்கு உறவினன். போரில் வென்று நண்பன் பாங்க்வோவோடு திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். நீ காடரின் பிரபு ஆவாய், அப்புறம் அரசன் ஆவாய் என்று மெக்பெத்திடம் சொல்கிறார்கள். நீ அரசனாக மாட்டாய், ஆனால் உன் வம்சம் ஆளும் என்று பாங்க்வோவிடம் சொல்கிறார்கள். சொன்ன சூட்டோடு காடர் பட்டம் வந்துவிடுகிறது. மெக்பெத் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். டங்கன் அவர்கள் கோட்டைக்கே விருந்தாளியாக வருகிறார். அன்றிரவு தூங்கிக்கொண்டிருக்கும் அவரை மெக்பெத் குத்திக் கொல்கிறான். பழி காவலர்கள் மேல் விழுகிறது.

முடி சூடிய பிறகு அவனுக்கு நிம்மதி இல்லை. பாங்க்வோவை ஆள் வைத்துக் கொல்கிறான்; பாங்க்வோவின் மகன் தப்பிவிடுகிறான். மெக்டஃப் என்ற பிரபு இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் அவனுடைய மனைவி, பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். மெக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்து, பிதற்றி, கடைசியில் இறந்துபோகிறாள். பிர்னம் காடு டன்சினேன் மலைக்கு நகர்ந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை, பெண்ணுக்குப் பிறந்த எவனாலும் உனக்கு ஆபத்து இல்லை என்று சூனியக்காரிகள் வழியாகக் கிடைத்த வாக்குகளை அவன் நம்பியிருக்கிறான். எதிரிப் படை மரக்கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு, அவற்றின் மறைவில் வருகிறது. மெக்டஃப்போ தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். அவன் கையில் மெக்பெத் சாகிறான். டங்கனின் மகன் மால்கம் அரசனாகிறான்.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. சுமார் 2,100 வரிகள், ஐந்து அங்கங்கள். பயப்பட வேண்டாம்.

இது உண்மையில் நடந்ததா?

மெக்பெத் என்று ஓர் அரசர் இருந்தார். 1040-ல் ஆட்சிக்கு வந்து 1057 வரை, 17 ஆண்டுகள் ஆண்டார். டங்கன் தூக்கத்தில் கொல்லப்படவில்லை. மெக்பெத்துக்கு எதிரான சண்டையில் இறந்தார், அப்போது அவர் கிழவரும் அல்ல. 1050-ல் மெக்பெத் ரோமுக்குப் புனிதப் பயணம் போய் வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் நாட்டை விட்டுப் போக முடிந்தது என்றால் ஆட்சி ஓரளவு நிலையாகவே இருந்திருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. அங்கே டங்கனைக் கொல்வதற்கு பாங்க்வோவும் உடந்தை. நாடகத்தில் பாங்க்வோ கை கறைபடாதவன். ஏன் இந்த மாற்றம் என்பதற்கு அடுத்த பதிலில் காரணம் இருக்கிறது.

எந்தக் காலத்தில் எழுதியது? அது தெரிந்தால் என்ன லாபம்?

1606 வாக்கில் எழுதியது. அச்சில் வந்தது 1623-ல். ஸ்காட்லாந்தின் அரசரான ஜேம்ஸ் 1603-ல் இங்கிலாந்துக்கும் அரசரானார். பாங்க்வோ தங்கள் முன்னோர் என்று அவருடைய வம்சம் நம்பியது. அரசரின் முன்னோரைக் கொலைக்கு உடந்தையாக மேடையில் காட்ட எந்த நாடகக்காரர் துணிவார்? சூனியத்தில் ஜேம்ஸுக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. 1597-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தையும் அரசரையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி கண்டுபிடிக்கப்பட்டது. அரசரைக் கொல்வது என்ற பேச்சு லண்டன்காரர்களுக்கு அப்போது ஆறாத புண்.

இந்த விவரங்களைத் தேர்வில் தனிப் பத்தியாகக் கொட்டாதீர்கள். ஒரு வரியை விளக்கும்போது தேவைப்பட்டால் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் புரியவே இல்லை. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் எனக்குக் கஷ்டமா?

இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். நானூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலம் எல்லாருக்கும் கஷ்டம்தான். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு இடங்களில் மற்றவர்களைவிடச் சுலபம்.

முதலாவது, நீ – நீங்கள். இன்றைய ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘தௌ’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது. ஏறக்குறைய நம் ‘நீ’ போல: நெருக்கத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியைத் திறந்து பாருங்கள். பாங்க்வோ தனியாக நிற்கிறான். மெக்பெத்தை நினைத்து, ‘எல்லாம் உனக்குக் கிடைத்துவிட்டது, அரசன், காடர், கிளாமிஸ் எல்லாம்’ என்று ‘தௌ’ போட்டுப் பேசுகிறான். (கிளாமிஸ் மெக்பெத்துக்கு முன்பே இருந்த பட்டம்.) அதற்காக நீ கேவலமாக விளையாடியிருப்பாய் என்று பயப்படுகிறேன் என்றும் சொல்கிறான். மெக்பெத் உள்ளே வந்த உடனே ‘மேன்மை தங்கிய அரசர் கட்டளையிடட்டும்’ என்று பேச்சு மாறிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் நீ, முகத்துக்கு நேரே நீங்கள். தன் சந்தேகத்தை பாங்க்வோ எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. ஷேக்ஸ்பியரில் வினைச்சொல் பல இடங்களில் கடைசிக்குப் போய்விடும். மெக்டஃப் தன் பிறப்பைச் சொல்லும் வரியை அப்படியே வரிசை மாறாமல் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மெக்டஃப், தன் தாயின் வயிற்றிலிருந்து, காலத்துக்கு முன்னே, கிழித்தெடுக்கப்பட்டவன்.’ நமக்கு இயல்பாகவே வருகிறது. ஒரு வரி புரியாவிட்டால் வினைச்சொல்லைத் தேடுங்கள், அப்புறம் ‘யார்’ என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இந்த நாடகம் செத்துக் கிடக்கும். எங்கள் மேசையில் ஆளுக்கொரு பாத்திரம். தப்பும் தவறுமாகப் படித்தாலும் பரவாயில்லை. எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே வரி திடீரென்று உடைகிறது என்பது காதில் விழும். சூனியக்காரிகள் பேசும்போது சந்தமே வேறாகிவிடும். குழந்தைப் பாட்டுபோலத் துள்ளி, அதனாலேயே பயமாக இருக்கும்.

ஆசிரியர் ‘அம்பிஷன்’ என்கிறார். அது பேராசைதானே?

பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில் நான் அதிகமாகத் திருத்துவது இந்த இடத்தைத்தான். மனசுக்குள் ‘பேராசை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, அதன் எதிரொலியாக ஆங்கிலத்திலும் மெக்பெத் பொருளாசை பிடித்தவன் என்று எழுதிவிடுகிறார்கள். மெக்பெத் எங்கேயும் பணத்துக்கோ நிலத்துக்கோ ஆசைப்படுவதில்லை. பேராசைக்காரன் என்றால் நம் கதைகளில் ஓர் அசட்டுத்தனமும் சேர்ந்தே வரும். கேட்பவர் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். மெக்பெத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ‘இலட்சியம்’ என்றும் சொல்ல முடியாது. அந்தச் சொல்லில் ஒரு தூய்மை இருக்கிறது; எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் இலட்சியம் வேண்டும் என்று சொல்வார். இரண்டுக்கும் நடுவே ‘உயர வேண்டும் என்ற வேட்கை’ என்று ஒன்று இருக்கிறதே, அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதுதான் இது.

லேடி மெக்பெத் கணவனைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். பெரியவனாக ஆசை உனக்கு உண்டு, அந்த வேட்கை இல்லாமல் இல்லை, ஆனால் அதற்குத் துணையாக இருக்க வேண்டிய கெடுதல் உன்னிடம் இல்லை என்கிறாள். வேட்கை வேறு, கெடுதல் வேறு என்று அவளே பிரித்துவிடுகிறாள். மெக்பெத் சொல்வது இன்னும் துல்லியம். என் எண்ணத்தை விரட்ட என்னிடம் வேறு முள் இல்லை, தாவிக் குதிக்கும் வேட்கை ஒன்றுதான் இருக்கிறது. அது அளவுக்கு மீறித் தாவி மறுபக்கம் விழும் என்கிறான். குதிரையில் ஏறப் போகிறவன் வேகம் மிஞ்சிச் சேணத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிற காட்சி. குதிரையின் மேல் தப்பில்லை, ஏற நினைத்ததிலும் தப்பில்லை.

இந்த ஊரில் பிள்ளைகள் உயர வேண்டும் என்று நாம் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வைத்துக்கொள்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னேற நினைத்தாலே பாவம் என்று எழுதும் பிள்ளை நாடகத்தையும் தவறாகப் படிக்கிறது, தன்னையும் தவறாகப் படிக்கிறது.

சூனியக்காரிகள்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

அவர்கள் கொல் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நீ அரசன் ஆவாய் என்பதோடு சரி. எப்படி என்று சொல்லவில்லை. கேட்ட அடுத்த கணமே மெக்பெத் திடுக்கிடுகிறான். இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் பயப்படுகிறாய் என்று பாங்க்வோ கேட்கிறான். ஏன் திடுக்கிட வேண்டும்? அந்த எண்ணம் உள்ளே முன்பே இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே காட்சியில் அவனே இன்னொரு வழியையும் சொல்கிறான்: விதி என்னை அரசனாக்க நினைத்தால், நான் அசையாமலே விதி எனக்கு முடி சூட்டட்டும். அந்த வழி கடைசிவரை திறந்தே இருந்தது. பாங்க்வோவும் அதே இடத்தில் நின்று அதே குரல்களைத்தான் கேட்டான். அவன் கத்தி எடுக்கவில்லை.

ஒரு சொல் விளக்கம். அந்த மூவரை ‘வியர்ட்’ சகோதரிகள் என்று நாடகம் சொல்கிறது. இன்று அந்தச் சொல்லுக்கு விசித்திரம் என்று பொருள். அன்று அது விதியைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆக, அவர்கள் விதியின் சகோதரிகள். ‘விசித்திரமான பெண்கள்’ என்று எழுதினால் பொருள் போய்விடும்.

லேடி மெக்பெத் கல்நெஞ்சக்காரியா?

கல்நெஞ்சு இருப்பவள் கல்நெஞ்சு வேண்டும் என்று எதற்குக் கேட்கிறாள்? கடிதம் வந்த பிறகு ஆவிகளை அழைத்து, என் பெண்மையை எடுத்துவிடு, இரத்தத்தைக் கெட்டியாக்கு, இரக்கம் நுழையும் வழியை அடை என்று வேண்டுகிறாள். இல்லாததைத்தான் ஒருவர் கேட்டு வாங்குவார். கொலை நடக்கும் நேரத்தில் தனியாக நின்றபடி இன்னொன்றும் சொல்கிறாள்: தூக்கத்தில் அவர் என் அப்பாவைப்போல இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன். ஆவிகள் அவள் கேட்டதைக் கொடுக்கவில்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் தடவை படிக்கும்போது அதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் போயிருக்கிறேன்.

கொலை முடிந்ததும், கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தக் காரியம் கழுவிப் போய்விடும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் அதே கைகளைத் தூக்கத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அரேபியாவின் அத்தனை வாசனைத் திரவியமும் இந்தச் சின்னக் கையை நறுமணமாக்காது என்கிறாள். ‘சின்னக் கை’ என்ற சொல்லில் நில்லுங்கள். ஓர் அரசி தன் கையைச் சின்னக் கை என்று சொல்கிறாள். அந்தக் காட்சியில் அவள் பேச்சு செய்யுளாக இல்லை, உடைந்த உரைநடை. பழைய இரவின் சொற்கள் வரிசை குலைந்து வருகின்றன: மணி அடிப்பது, கதவு தட்டுவது, அந்தக் கிழவருக்குள் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்பது.

கைகேயியோடு ஒப்பிடலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். வீட்டில் பேச நல்ல ஒப்பீடு. கம்பனின் கைகேயி முதலில் இராமனுக்கு முடிசூட்டு விழா என்று கேள்விப்பட்டு மகிழ்கிறாள், மந்தரையின் பேச்சுத்தான் அவளைத் திருப்புகிறது. அங்கே மந்தரை கைகேயியின் மனதை மாற்றுகிறாள். இங்கே லேடி மெக்பெத் கணவனின் மனதை மாற்றுகிறாள். அப்படிப் பார்த்தால் அவள் கைகேயியைவிட மந்தரைக்குத்தான் பக்கம். ஆங்கிலத் தேர்வுத்தாளில் இதை எழுத வேண்டாம். அங்கே நாடகத்தின் சொற்களே போதும்.

மெக்பெத்துக்குக் குற்றவுணர்வு எங்கே தொடங்குகிறது?

கொலைக்குப் பிறகு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கொலைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. இந்த நாடகத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதல் அங்கம், ஏழாம் காட்சி. உள்ளே விருந்து நடக்கிறது. மெக்பெத் வெளியே வந்து தனியாக நின்று, செய்யக் கூடாததற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். நான் அவருக்கு உறவினன். அவருடைய குடிமகன். இப்போது அவர் என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வராமல் கதவை அடைக்க வேண்டியவன் நான், கத்தி பிடிக்க வேண்டியவன் அல்ல. திருக்குறளில் விருந்தோம்பலை ஓர் அதிகாரமாகவே வைத்திருக்கும் மொழி நம்முடையது. இந்த மூன்றாவது காரணத்தைப் படிக்கும்போது எங்கள் மேசையில் பிள்ளைகள் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். மெக்பெத் முடிவும் எடுத்துவிடுகிறான்: இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம். அதே காட்சி முடிவதற்குள் மனைவி அவனை மாற்றிவிடுகிறாள். ஆனால் அவனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

சிலப்பதிகாரம் படித்த பிள்ளைகளிடம் பாண்டிய மன்னனை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அவன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோதுதான் தவறு தெரிகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’, ‘கெடுகவென் ஆயுள்’ என்று சொல்லி அங்கேயே உயிரை விடுகிறான். தெரிந்ததற்கும் சாவுக்கும் நடுவே அவனுக்கு இடைவெளியே இல்லை. மெக்பெத்துக்குத் தெரிவது முதலில், செயல் அப்புறம், அதற்கும் அப்புறம் நீண்ட வாழ்க்கை. அந்த இடைவெளிதான் நாடகம் முழுவதும்.

கொன்றுவிட்டு வந்ததும் அவன் பேச்சைக் கேளுங்கள். பக்கத்து அறையில் யாரோ ‘கடவுள் காக்க’ என்றார்கள், என்னால் ‘ஆமென்’ சொல்ல முடியவில்லை என்கிறான். ‘இனித் தூக்கம் இல்லை, மெக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்’ என்று ஒரு குரல் கேட்டது என்கிறான். கடல் முழுவதும் என் கையைக் கழுவாது, என் கைதான் கடலைச் சிவப்பாக்கும் என்கிறான். நான் செய்ததை அறிந்திருக்க வேண்டுமென்றால் என்னையே நான் அறியாமல் இருப்பது மேல் என்கிறான். கதவு தட்டும் சத்தம் கேட்டதும், ‘தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நல்லது’ என்கிறான். வள்ளுவர் சொல்வாரே, ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்று, அந்தச் சூட்டை இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் ஒவ்வொரு வரியிலும் தொட்டுப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் இடம் மாறிக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் துடித்தவன் மெல்ல மரத்துப்போகிறான்: தேள்கள் நிறைந்த மனம் என்று புலம்பியவன், இரத்த ஆற்றில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் அக்கரை போவதும் ஒரே சிரமம்தான் என்கிறான். கடைசியில் பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான். தொடக்கத்தில் உறுதியாக நின்றவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. இந்த இரண்டு கோடுகளும் எங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்று நீங்களே தேடிப் பாருங்கள். என் கணக்கில் அது பாங்க்வோவின் ஆவி வரும் விருந்துக் காட்சி.

1611 ஏப்ரலில் சைமன் ஃபோர்மன் என்ற மருத்துவர் (ஜோதிடமும் பார்த்தவர்) லண்டன் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்தார். இருவரின் கைகளிலும் இருந்த இரத்தம் எப்படியும் கழுவிப் போகவில்லை என்பதும், அரசி தூக்கத்தில் எழுந்து நடந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதும் அதில் இருக்கின்றன. அன்றைக்குப் பார்த்தவர் மனதிலும் கைகள்தான் நின்றிருக்கின்றன.

விருந்தில் வரும் பாங்க்வோவின் ஆவி உண்மையா, மனப்பிரமையா?

ஆவி நுழைந்து மெக்பெத்தின் இருக்கையில் உட்காருகிறது என்று நாடகத்தில் மேடைக் குறிப்பு இருக்கிறது. ஆனால் மேடையில் மெக்பெத் ஒருவனுக்குத்தான் தெரிகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அடித்துச் சொல்ல வேண்டாம். காலி நாற்காலியைப் பார்த்து அவன் சொல்லும் முதல் விஷயம் ‘நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது’ என்பது. யாரும் கேட்காமலே மறுக்கிறானே, அதைப் பற்றி எழுதுங்கள்.

கொலை நடந்த உடனே குடிகார வாயிற்காவலன் வந்து வேடிக்கை பேசுவது எதற்கு?

மூச்சு விடுவதற்கு. அதோடு, கதவு தட்டும் சத்தத்தை நீட்டி நம்மை இன்னும் தவிக்க விடுவதற்கும். அவன் தன்னை நரகத்தின் வாயிற்காவலனாகப் பாவித்து ஆட்களை உள்ளே அழைக்கிறான். உண்மையிலேயே அந்த வீடு இப்போது நரகம்தான். அவன் கூப்பிடும் ஆட்களில் ஒருவன் இரண்டு பக்கமும் சத்தியம் செய்யும் இரட்டைநாக்குக்காரன். வெடிமருந்துச் சதி வழக்கில் 1606-ல் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஹென்றி கார்னெட்டை மனதில் வைத்து எழுதியது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். பொய் சொல்லாமலே ஏமாற்றும் பேச்சு என்பது நாடகம் முழுக்க ஓடுகிறது. காடு நகரும் வாக்கும் அப்படிப்பட்டதுதான்.

தேர்வில் ஒரு பகுதியைக் கொடுத்து எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

முதலில் ஒரு தகவல். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. பாடநூல்களும் ஆண்டுக்கு ஆண்டு, பள்ளிக்குப் பள்ளி மாறும். உங்கள் ஆண்டுக்கு எது என்பதைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய குறிப்பை நம்ப வேண்டாம்.

எழுதும் முறைக்கு ‘ஆமென்’ பகுதியையே எடுத்துக்கொள்வோம். ‘இங்கே மெக்பெத் குற்றவுணர்வில் இருக்கிறான்’ என்பது சரி, ஆனால் கதைச் சுருக்கம் படித்தவரும் அதை எழுதிவிடுவார். சொல்லுக்குள் போங்கள். ஆமென் தொண்டையில் ‘சிக்கிக்கொண்டது’ என்கிறான். மறந்துபோனது என்றோ சொல்ல விரும்பவில்லை என்றோ சொல்லவில்லை. சோறு சிக்குவதுபோல, உடம்பே மறுக்கிறது. அடுத்து, ‘ஏன் என்னால் சொல்ல முடியவில்லை? எனக்குத்தானே ஆசி மிகவும் தேவைப்பட்டது?’ என்று கேட்கிறான். கொலை செய்துவிட்டு வந்தவன் ஒரு குழந்தையைப்போல வியந்து கேட்கிறான். மனைவியின் பதில்: இந்தக் காரியங்களை இப்படி நினைக்கக் கூடாது, நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். அது அவனுக்குச் சொன்ன எச்சரிக்கை, பலித்தது அவளுக்கு. இவ்வளவையும் ஆறேழு வரிகளிலிருந்து எடுத்துவிட்டோம். அடுத்த அடுத்த வரிகளையும் இப்படியே விரலால் அழுத்திப் பாருங்கள்.

எத்தனை மேற்கோள் மனப்பாடம் செய்ய வேண்டும்?

பட்டியல் போட்டு நூறு மனப்பாடம் செய்த பிள்ளைகள் எனக்குத் தெரியும். தேர்வில் அவற்றை நுழைக்க இடம் தேடியே நேரம் போய்விடும். ஓர் அங்கத்துக்கு நான்கைந்து சின்னத் தொடர்கள் போதும். இரத்தம், தூக்கம், கை, பொருந்தாத உடை, குழந்தை என்ற ஐந்து சொற்களைப் புத்தகம் முழுக்க வண்ணப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். மனப்பாடம் தானாக வந்து சேரும்.

படம் பார்த்தால் போதாதா? நாடகத்தை இங்கே எங்கே பார்ப்பது?

படித்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். போலன்ஸ்கி 1971-ல் எடுத்ததையும் ஜோயல் கோயன் 2021-ல் எடுத்ததையும் ஒரே காட்சிக்கு ஒப்பிட்டால் நல்ல பாடம். முந்தையது கடுமையான வன்முறை உள்ள படம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகாது. கதை வேறு மண்ணில் எப்படி முளைக்கிறது என்று பார்க்க அகிரா குரோசாவா 1957-ல் ஜப்பானியச் சாமுராய்களை வைத்து எடுத்ததும், விஷால் பரத்வாஜ் மும்பை நிழலுலகத்தில் வைத்து எடுத்த ‘மக்பூல்’ படமும் இருக்கின்றன.

சிங்கப்பூர் ரெப்பர்ட்டரி தியேட்டர் 2011-ல் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் மெக்பெத்தைத் திறந்தவெளியில் மேடையேற்றியது. இரவு, மரங்கள், புழுக்கம். காடு நகரும் கதைக்கு அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் ஏது? மேடையில் எங்கே ஷேக்ஸ்பியர் வந்தாலும் பிள்ளையை அழைத்துப் போங்கள். அமைதியாக உட்கார்ந்து படிக்க விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் இருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைக்கு நான் எப்படி உதவுவது?

கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சாப்பிடும்போது சொன்னால் போதும். சொல்லிக்கொண்டே வரும்போது, ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பேருந்து ஓட்டும் அப்பா ஒருவர். மகள் உயர்நிலை மூன்று. அவள் ஒவ்வொரு காட்சியாகத் தமிழில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு நாள், ‘ராஜாவைக் கொல்ல ரெண்டு பேரும் சேர்ந்துதானே திட்டம் போட்டாங்க, கூட்டாளியைக் கொல்லப் போறதை மட்டும் ஏன் பொண்டாட்டிகிட்ட சொல்லல?’ என்று கேட்டாராம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை மேசைக்குக் கொண்டுவந்தாள். அன்று இரண்டு மணி நேரமும் அதிலேயே போனது.

முதல் அங்கத்தின் கடிதத்தில் மனைவியை ‘என் பெருமையில் பங்குகொள்ளும் அன்புத் துணை’ என்று எழுதியவன், மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் ‘உனக்குத் தெரியாமலே இருக்கட்டும், கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு’ என்கிறான். அவளைக் காப்பாற்ற நினைக்கிறானா? இல்லை, இனி அவள் தேவையில்லையா? எங்கள் மேசையில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: விருந்துக் காட்சி முடிந்து ‘வா, தூங்கப் போவோம்’ என்று சொன்ன பிறகு அவர்கள் இருவரும் மேடையில் ஒன்றாகத் தோன்றுவதே இல்லை.

அந்த அப்பா போன வாரம் அடுத்த கேள்வியை மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்: மெக்டஃப் ஏன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போனான்? நான்காம் அங்கத்தில் மெக்டஃப்பின் மனைவி கேட்பதும் இதையேதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியை எடுக்கிறோம்.